மாப்பிள்ளை காரில் ஆம்ப்ளிஃபயர் வைத்த கதை

யாருடைய காராக இருந்தாலும் சரி, நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் "உள்ளேயிருந்து கதவைத் திறந்து காட்டுங்க" என்று நான் சொல்வதை வைத்து நீங்கள் இருவரும் என்னைக் கேலி செய்கிறீர்கள். போன வாரம் சித்தப்பாவின் புதுக் காரில் ஏறும்போதும் சொன்னேன். "ஆரம்பிச்சிட்டாருடா" என்று பெரியவள் சின்னவன் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. சிரியுங்கள், தப்பில்லை. காரணம் தெரிந்துகொண்டு சிரியுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். பெரியவளுக்கு இதில் பாதி தெரியும், ஏனென்றால் அவள் காருக்குள்ளே இருந்தாள். வெளியே நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது. சின்னவன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான்.

நான் பத்தாவதோடு நின்றவன். எழுதுவதில் தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

ஒரத்தநாட்டுச் சாலையில், வண்டிகளுக்குப் பாட்டுப் பெட்டி மாட்டும் நம் கடைக்கு வருவதில் முக்கால்வாசி டிராக்டரும் லோடு ஆட்டோவும்தான். நம் பக்கத்தில் பாட்டுப் பெட்டி இல்லாத டிராக்டரை உழவுக்குக் கூப்பிட்டால் டிரைவரே வரமாட்டான். அப்படிப்பட்ட கடையின் வாசலில் பங்குனி வெயிலில் ஒரு நாள் காலை அந்தச் சிவப்புக் கார் வந்து நின்றது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. முழங்கால் உயரம்தான் இருக்கும் போலத் தெரிந்தது. எதிர் டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்னங்க இது, லாரி ஏறின மாதிரி தட்டையா இருக்கு?"

"இதான் மாமா ஸ்போர்ட்ஸ் கார்" என்று இறங்கினான் அதை ஓட்டிவந்த பையன். பூதலூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கிற குடும்பம். சிங்கப்பூரில் வேலை. தங்கை கல்யாணத்துக்காக வந்தவன் சென்னையில் யாரிடமோ பழைய வண்டியாக வாங்கி ஓட்டி வந்திருக்கிறான். இரண்டு நாளில் மாப்பிள்ளை அழைப்பு. நம் கடைக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளையை உட்கார வைத்து, மாலை போட்டு, பெண்ணுக்கு அண்ணன்காரன் என்ற முறையில் இவனே காரில் ஏற்றி மண்டபத்துக்குக் கூட்டிப் போகவேண்டும். மண்டபம் அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம்.

"மண்டபத்து வாசல்ல கார் நிக்கிறப்போ பாட்டு நெஞ்சுல வந்து இடிக்கணும்ணே. ஆம்ப்ளிஃபயர், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் வாங்கியாந்துட்டேன். நீங்க மாட்டிக் குடுங்க, போதும்."

போதும் என்று அவன் சொன்னதுமே எனக்கு வேறொரு கார் ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளுக்கு முன்னால் பைபாஸ் ஓரத்தில் ஒரு கார் எரிந்து நின்றதை நான் பார்த்திருந்தேன். யாரோ எங்கோ மாட்டிக்கொடுத்த ஆம்ப்ளிஃபயர். பேட்டரியிலிருந்து தடித்த ஒயரை ஃபியூஸ் இல்லாமல் இழுத்திருக்கிறார்கள், அது தகட்டில் உரசி உரசித் தோல் போய்விட்டது என்றார்கள். அதில் போனவர்கள் தப்பித்தார்கள். ஆனால் சீட்டுக்குள் இருந்த சுருள்கம்பி மட்டும் கரியாக நின்றது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. டிராக்டரில் தீப்பிடித்தால் குதித்துவிடலாம். இந்தக் காரில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே ஒரு ஆள் கை கொடுக்கவேண்டும்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம்தான். அவன் தங்கை கல்யாணம் என்றான். நான் ஒத்துக்கொண்டேன்.

முதல் வேலையாகப் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு ஒரு டீ குடித்தேன். டீ குடிக்க ஆசைப்பட்டு அல்ல. ஏர்பேக் இருக்கிற வண்டியில் மின்சாரம் முழுதும் வடிய நேரம் கொடுக்கவேண்டும். பிறகு ஆம்ப்ளிஃபயரை எங்கே வைப்பது என்று பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது.

அவன் சீட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னான். குனிந்து டார்ச் அடித்தால், அங்கே மஞ்சள் நிற உறை போட்ட ஒயர்கள். மஞ்சள் என்றால் ஏர்பேக், சீட் பெல்ட்டு சம்பந்தப்பட்டது. அதை நெருங்கக்கூடாது. தப்பித் தவறி இழுத்தால் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் வெடிக்கும்.

"அப்ப டிக்கில தரையில போட்டு நாலு ஸ்குரூ முறுக்கிருங்கண்ணே."

டிக்கி விரிப்பைத் தூக்கிவிட்டு, ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். டிக்கித் தரைக்குக் கீழே பெட்ரோல் டேங்க். தகட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் என் விரல் போகிற இடம்தான் இருந்தது. டிரில்லை அழுத்தியிருந்தால் ஸ்குரூ நேராக டேங்குக்குள் போயிருக்கும். டிரில்லைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"என்னண்ணே, பாம் எடுக்கிற ஆளு மாதிரி வேர்த்துப் போய் வர்றீங்க?"

"தம்பி, இங்க ஒரு ஓட்டை போட்டா நாம ரெண்டு பேரும் இல்ல. புரியுதுங்களா?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பைபாஸ் காரைப் பற்றி அவனிடம் சொன்னேன். சீட்டுக் கம்பியைப் பற்றிச் சொன்னேன். பொகை வந்தால் அது பின்னால் டிக்கியில்தான் வரும், உடனே ஃபியூஸைப் பிடுங்கவேண்டும் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே வேலை செய்ததால் நாள் முழுக்க அவன் காதில் தீ, பொகை, ஒயர் என்ற பேச்சுத்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

கடைசியில் சீட்டுக்குப் பின்னால் டிக்கியில் செங்குத்தாக நிற்கும் தகட்டில் வைப்பது என்று முடிவு செய்தேன். அங்கே கம்பெனி போட்ட போல்ட் ஏற்கெனவே இருந்தது. பலகை ஒன்றை அறுத்து அந்த போல்ட்டிலேயே இறுக்கி, பலகையின் மேல் ஆம்ப்ளிஃபயரை உட்கார வைத்தேன். ஒரு ஓட்டைகூடப் புதிதாகப் போடவில்லை. ஆம்ப்ளிஃபயர் சூடாகிற பொருள். அதைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விட்டேன். எதிர்முனை, அதாவது மைனஸ் ஒயருக்கு டிக்கி ஓரத்தில் வேறொரு போல்ட்டைப் பார்த்து, பெயிண்டை வெள்ளைத் தகடு தெரியும்வரை சுரண்டி இறுக்கினேன். சீட் பெல்ட்டு போல்ட் பக்கத்திலேயே இருந்தது, சுலபமும்கூட. அதைத் தொடவில்லை. உயிரைப் பிடித்து நிறுத்துகிற போல்ட் அது.

பிறகுதான் எனக்குப் பயமான ஒயர். எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கும். அதைத் தாண்டித்தான் பேட்டரி ஒயர் உள்ளே வரவேண்டும். பழைய ரப்பர் வளையம் ஒன்று இருந்த ஓட்டையில், ரப்பர் விலகாமல் ஒயரை நுழைத்தேன். பிரேக் மிதிக்கும் இடத்தில் தொங்கவில்லையா என்று கையால் தடவிப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் பெட்டி. ஒயர் எங்கே தோல் போய்த் தகட்டைத் தொட்டாலும் அந்த ஃபியூஸ் போய்விட வேண்டும், அதற்குத்தான் பேட்டரிக்குப் பக்கத்தில் வைப்பது. பின்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்தால் நடுவில் இருக்கிற ஒயருக்குக் காவல் இல்லை. பாட்டு வருகிற ஒயரைக் காரின் மறுபக்கமாகக் கொண்டுபோனேன். இரண்டும் ஒட்டிப் போனால் எஞ்சின் இரைச்சல் பாட்டில் கேட்கும்.

எல்லாம் முடிந்து ஃபியூஸைச் சொருகியபோது கண்ணை மூடிக்கொண்டேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. சின்ன நீல விளக்கு எரிந்தது. பாட்டு வந்தது. டீக்கடையில் தொங்கிய பிஸ்கட் பாக்கெட் சரம் ஆடியது.

"யோவ், கூரை விழுந்துரப் போவுதுய்யா!" என்று டீக்கடைக்காரர் கத்தினார். பையன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் பெரியவள் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். பரீட்சைக் காலம், பள்ளி அரை நாள்தான். கேரியரை வைத்தவள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஓட்டிப் பாத்துட்டு வந்துர்றேன்ணே, ஒரே ரவுண்டு. பாப்பா, நீயும் வர்றியா?"

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லமுடியாது. இரண்டே சீட்டு, அதனால் நான் போகமுடியாது. பெல்ட்டு போட்டுவிட்டு இழுத்துப் பார்த்தேன். "மெதுவா போங்க தம்பி" என்றேன். கதவைச் சாத்தினேன்.

கார் சாலையில் கொஞ்ச தூரம் போய், வயல் நடுவே போகிற கிராமத்து ரோட்டில் திரும்பியது. அறுப்பு முடிந்து வயலெல்லாம் வெட்டவெளி. மறைக்க ஒன்றுமில்லாததால் பாட்டின் அதிர்வு மட்டும் டும் டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கிறவரை நல்லது என்று ஏனோ எனக்குத் தோன்றியது. கேரியரைத் திறக்கவில்லை. காதை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் நின்றது.

பாட்டை மாற்றுகிறான் என்று நினைத்தேன். மறுபடி வரவில்லை. போன் அடித்தது.

"அண்ணே! பொகைண்ணே! ஆம்ப்புதான்ணே, நீங்க சொன்னீங்கல்ல, பின்னாடிதான் வருது! டிக்கியத் தெறக்கிறேன்—"

"டிக்கி கெடக்கட்டும், புள்ளய எறக்குங்க! மொதல்ல புள்ளய!"

அவன் போனைக் காதிலிருந்து எடுத்து எங்கோ வைத்துவிட்டான். ஆனால் அணைக்கவில்லை. டிக்கியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பொம்பளைகள் கத்துவது கேட்டது. அதற்கெல்லாம் பின்னால், மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து வருகிற மாதிரி, என் மகளின் குரல்.

"அண்ணே, தெறக்க வரலண்ணே... கதவு தெறக்க வரல..."

நான் போனில் கத்தினேன். அங்கே யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு எல்லாம் கேட்டது, என் சத்தம் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. அதைவிடப் பெரிய பயத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

பைக்கை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. டீக்கடைக்காரர் பின்னால் ஓடிவந்து ஏதோ கேட்டது ஞாபகம் இருக்கிறது. பைக்கில் போகும்போது நான் போட்ட ஒவ்வொரு இணைப்பும் மனதில் வந்து நின்றது. எதிர்முனை போல்ட்டை இறுக்கினேனா? இறுக்கினேன். ரப்பர் வளையம் விலகியதா? ஒயரைச் சீட்டு நசுக்கிவிட்டதா? ஃபியூஸ் ஏன் போகவில்லை? டேங்க் எங்கே இருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மல்லாந்து படுத்து நான்தானே பார்த்தேன்.

திருப்பத்தைத் தாண்டியதும் தெரிந்தது. ரோடு முழுக்க உளுந்துச் செடி. உங்களுக்குத் தெரியும், பங்குனியில் உளுந்தைப் பிடுங்கித் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டி மிதித்தால் காய் வெடித்து உளுந்து உதிரும். அதன் நடுவில் சிவப்புக் கார் நின்றது. அடிவயிற்றிலிருந்து மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை. டிக்கி திறந்து கிடந்தது. பையன் அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். வாய்க்காலில் தண்ணீர் இல்லாத காலம். ஒரு அம்மா குடத்தில் வைத்திருந்த குடிதண்ணீரைக் காருக்கு அடியில் வீசிக் கொட்டினார். இன்னும் இரண்டு பேர் ரோட்டோர மண்ணை முறத்தால் அள்ளி இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் காரின் இடது பக்கக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். சீட்டில் யாரும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. "யாருய்யா அது, புள்ள இங்க இருக்குய்யா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. புளியமரத்து அடியில் ஒரு பெரியம்மா மடியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் ரத்தம் கோடாக இருந்தது. உடைந்த கண்ணாடி வளையல் கீறியது. வேறு ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. நான் அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "அப்பா, உங்க கைதான்பா ஆடுது" என்றாள்.

மடியில் வைத்திருந்த பெரியம்மாதான் நடந்ததைச் சொன்னார்.

"புள்ள உள்ளேருந்து கண்ணாடிய அடிக்குது. நான் வெளியில கைப்புடிய தேடுறேன், இந்தக் காருல கைப்புடியே இல்ல சாமி! வழவழன்னு இருக்கு. அந்தப் பக்கம் சுத்தி ஓடி, தம்பி எறங்குன கதவு வழியா உள்ள பூந்து, பெல்ட்ட எப்புடியோ அமுக்கி, கையப் புடிச்சு ஒரே இழு. வளையல் போச்சு. போனாப் போவுது."

உள்ளே கைப்பிடி இருந்தது. கறுப்புக் கதவில் கறுப்பு நாடா ஒன்று மடிந்து கிடந்தது, அதை இழுக்கவேண்டும். பெரியவள் ஜன்னல் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். பையன் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டதால் ஜன்னலும் இறங்கவில்லை. அவன் பக்கத்தில் இருந்த குழந்தையை மறந்துவிட்டு டிக்கிக்கு ஓடினான். காலையிலிருந்து நான் சொன்னது அதைத்தானே. பொகை வந்தால் டிக்கியில் வரும் என்று.

நான் போய் முன்பக்கம் திறந்தேன். ஃபியூஸ் முழுதாக இருந்தது. பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். டிக்கியில் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டேன். வெயிலில் இருந்த சூடுதான். அப்போதுதான் மூக்குக்கு உறைத்தது. ஒயர் எரிந்தால் வருகிற நாற்றம் எனக்குத் தெரியும், தொண்டையைப் பிடிக்கும். இது அது இல்லை. போகி அன்று தெருவில் வருகிற வாசனை. குனிந்து பார்த்தேன். புகைக்குழாயைச் சுற்றி உளுந்துச் செடி கட்டுக் கட்டாகச் சுருண்டு அடைந்து கருகிக்கொண்டிருந்தது. ஒரு நீளக் கழியை வாங்கி இழுத்து இழுத்து வெளியே போட்டேன். இரண்டு இழுப்பில் ஒரு நாக்கு நெருப்பு வந்தது. முறத்து மண் அதன் மேல் விழுந்தது. டேங்க் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

குடத்தைக் கொட்டிய அம்மா அழ ஆரம்பித்தார்.

"நாந்தாய்யா சொன்னேன். தம்பி, ஒதுங்கிப் போவாத, மேலயே ஏத்திட்டுப் போன்னு. தம்பியும் நல்ல புள்ள, பாட்டப் போட்டுக்கிட்டு முன்னயும் பின்னயுமா நாலு வாட்டி ஏத்தி எறக்கிக் குடுத்துச்சு. பஸ்ஸுக்காரன் தெனம் ஏத்திட்டுத்தான் போறான், ஒன்னும் ஆவல. இந்தக் காருக்கு வயிறு தரையிலல்ல கெடக்கு!"

"நம்ம வீட்டு உளுந்துக்கும் இப்படித்தான்க்கா செய்வோம். எனக்கே தோணல" என்றான் பையன். பிறகு என் மகளைப் பார்த்தான். "பாப்பா, உன்னை விட்டுட்டு நான்..." கையிலிருந்த கழியைக் கீழே போட்டேன்.

"அந்தக் குட்டித் தீயணைப்பு பாட்டில் வாங்கி வைங்க தம்பி" என்று மட்டும் சொன்னேன். "சீட்டுக்கிட்ட, கை எட்டுற எடத்துல."

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், பிள்ளையார் கோயில் வாசலில் கார் நின்றது. சாமந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். நான் மதியமே அடியில் படுத்து ஒரு துரும்புகூட இல்லாமல் எடுத்துவிட்டு, ஒயரெல்லாம் மறுபடி தடவிப் பார்த்துவிட்டு, ஃபியூஸைச் சொருகியிருந்தேன். பெரியவளும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். பட்டு வேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளையை உட்கார வைத்தார்கள். நாதஸ்வரக்காரர்கள் முன்னால் நடக்க ஆரம்பித்தார்கள். கதவைச் சாத்தப் போனார்கள்.

என்னால் சும்மா நிற்கமுடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

"மாப்பிள்ளை, தப்பா நெனைக்காதீங்க. கதவ சாத்துறேன். உள்ளேருந்து நீங்களே தெறந்து காட்டுங்க."

"யாருய்யா இது? மாப்பிள்ளை ஓடிப் போறதுக்கு வழி சொல்லிக் குடுக்கிறாரு!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே ஜன்னல் பட்டனை அமுக்கினார். பிறகு கைவைக்கும் இடத்தை இழுத்தார். பிறகு அவர் சிரிப்பு நின்றுபோனது. கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். டிரைவர் சீட்டிலிருந்த பையன் சிரிக்கவே இல்லை. குனிந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அந்தக் கறுப்பு நாடாவில் வைத்தான். கதவு திறந்தது.

"இன்னொரு தரம்" என்றேன். இந்தத் தடவை அவரே திறந்தார்.

கார் புறப்பட்டது. நடை வேகத்தில்தான் போனது. பாட்டு அதிர்ந்தது. வளைவில் கார் மறைந்தபிறகும் டும் டும் என்று கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒரு கட்டத்தில் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவள், "நின்னுருச்சாப்பா?" என்று கேட்டாள். எனக்கு மட்டும்தான் அந்தப் பயம் என்று நினைத்திருந்தேன்.

"தெரியலம்மா" என்றேன். இருவரும் அசையாமல் நின்றோம்.

வளைவுக்கு அந்தப் பக்கம் பெரிதாக வெடித்தது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விட்டேன். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாப்பிள்ளை எறங்கிட்டாருய்யா. அதுக்குத்தான் வெடி போடுறான். புள்ளயக் கீழ விடு."